வாசகர் கேள்வி–பதில்: வட்டாமுவில் நான்கு இரவு

2007 முதல் 2019 வரை கென்யாவில், மொம்பாசா நகரத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தேன். நாலு நாள் விடுமுறை கிடைத்தால் நான் கிளம்பிப் போகிற ஊர் வட்டாமு. மொம்பாசாவுக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், இந்தியப் பெருங்கடல் ஓரம். பவளப்பாறைகளைக் காக்கும் கடல் தேசியப் பூங்கா ஒன்று அங்கே உண்டு. சென்ற இதழில் அந்த ஊரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

“ஜனவரியில் நான், கணவர், பத்து வயது மகள், 68 வயது மாமியார் நால்வரும் கென்யா போகிறோம். மொத்தம் ஏழு நாள். மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் மூன்று இரவு, வட்டாமுவில் இரண்டு இரவு என்று ஏஜென்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். எங்களில் யாருக்கும் நீந்தத் தெரியாது. கடல் தேசியப் பூங்காவைப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதுமா?” – ஒரு வாசகி, கும்பகோணம்

போதாது. டிக்கெட் போடும் முன் கேட்டீர்களே, நல்லது. ஏஜென்டிடம் பேசி மாற்றச் சொல்லுங்கள்.

வட்டாமுவில் கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். எல்லாக் கடலும் அப்படித்தானே என்பீர்கள். சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் மிஞ்சிப்போனால் ஒரு மீட்டர் சொச்சம். அதனால் நம் மனதில் அது பதிவதே இல்லை. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது நான்கு மீட்டரை நெருங்கும். காலை ஏழு மணிக்குக் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்த கடல் பத்து மணிக்கு வெகுதூரம் தள்ளிப் போயிருக்கும். நடுவே ஈர மணலும் பாசி படிந்த பாறையும் குட்டை குட்டையாகத் தண்ணீரும் கிடக்கும். கரைக்கு அருகே அடிப்பக்கம் அரிக்கப்பட்டுக் காளான் மாதிரி நிற்கும் பாறைத் திட்டுகள் உண்டு. காலையில் தீவாக இருந்தவற்றைப் பத்து மணிக்கு நடந்தே போய்ச் சுற்றி வரலாம்.

இது எனக்குப் புரிந்தது ஒரு நாளைத் தொலைத்த பிறகுதான். மொம்பாசாவுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒன்று முதல் பத்து வரை அந்தக் கரையின் மொழியான சுவாஹிலியில் எண்ணக் கற்றிருந்தேன், அவ்வளவுதான். கடல் வற்றும்போது பவளப்பாறையைப் பார்க்க வட்டாமுவில் ஒரு படகுக்காரரிடம் பேசி வைத்தேன். “நாளைக்கு ஸா ன்னே” என்றார். ஸா என்றால் மணி, ன்னே என்றால் நான்கு. மறுநாள் மாலை நான்கு மணிக்குப் போய் நின்றேன். கடல் விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. பவளப்பாறை எங்கே என்று தெரியவில்லை. அவர் காலையிலிருந்து எனக்காகக் காத்திருந்துவிட்டு, வேறு யாரையும் ஏற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

சுவாஹிலிக்காரர்கள் மணியைச் சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒன்று. நம் பத்து மணி அவர்களுக்கு நான்கு. நம் வீட்டுப் பெரியவர்கள் உதயாதி நாழிகை என்று விடியலிலிருந்து எண்ணினார்களே, அதே கணக்கு. அன்று பௌர்ணமிக்கு மறுநாள். அந்தக் கரையில் பௌர்ணமி, அமாவாசை சமயத்தில் காலை பத்து மணி வாக்கில் கடல் வற்றும், மாலை நான்கு மணி வாக்கில் நிறையும். நான் சரியாக அவர் சொன்ன நேரத்துக்கு எதிர்நேரத்தில் போய் நின்றிருக்கிறேன். அவருடைய அரைநாள் கூலியைக் கொடுத்தேன். மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு வரச் சொன்னார். வற்றம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப் போகும் என்பதையும் அவர்தான் மணலில் கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்தார். கணக்கு டீச்சருக்கு அந்த மணல் பாடம் இன்றும் மறக்கவில்லை.

ஆகவே உங்கள் வீட்டு தினசரி காலண்டரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும் நாட்களின் திதி என்ன? பௌர்ணமியோ அமாவாசையோ என்றால் காலைப் படகு சரி. அஷ்டமியை ஒட்டி என்றால் காலை பத்து மணிக்குக் கடல் நிறைந்து இருக்கும், பிற்பகலில்தான் வற்றும். இரண்டு இரவு தங்கினால் முழுசாக உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு பகல். அன்று காற்றடித்தாலோ நேரம் அமையாவிட்டாலோ கதை முடிந்தது. நான்கு இரவு இருந்தால் எப்படியும் ஒரு நல்ல வேளை மாட்டும்.

எது நல்ல வேளை? அடியோடு வற்றிய நேரத்தில் சில இடங்களில் பவளத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும். கால் படாமல் மிதப்பது கஷ்டம். வற்றி முடிந்து மறுபடி ஏறத் தொடங்குகிற முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் எனக்குப் பிடித்தது. கடல் வற்றும்போது பக்கத்து மீடா உப்பங்கழியின் கலங்கல் தண்ணீர் பூங்கா வழியாக வெளியே போகும். ஏறும்போது வெளிக்கடலின் தெளிந்த தண்ணீர் உள்ளே வரும். அலையை வெளிப்பாறை தடுத்துக்கொள்வதால் உள்ளே குளம் போல இருக்கும்.

நீந்தத் தெரியாதது பெரிய தடை இல்லை. உங்களுக்கும் மகளுக்கும் லைஃப் ஜாக்கெட் போட்டு, முகக்கண்ணாடியும் மூச்சுக் குழாயும் கொடுத்து, ஒரு வளையத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வழிகாட்டி இழுத்துக்கொண்டு போவார். முதல் நாள் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் முகத்தை முக்கி, வாயால் மூச்சுவிட்டுப் பழகுங்கள். ஐந்து நிமிடத்தில் பயம் போய்விடும். லைஃப் ஜாக்கெட் உங்கள் அளவுக்கு இருக்கிறதா என்று படகில் ஏறும் முன்பே போட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அந்தப் படகு வேண்டாம்.

மாமியாருக்குக் கண்ணாடி அடித்தளப் படகு. உட்கார்ந்த இடத்திலிருந்தே கீழே பார்க்கலாம். ஆனால் படகுக்குப் போக முழங்கால், சில சமயம் தொடை அளவு தண்ணீரில் நடந்து ஏணியில் ஏற வேண்டியிருக்கும். முதலிலேயே படகுக்காரரிடம் சொல்லிவிட்டால் கரைக்கு ஆன மட்டும் நெருக்கிக் கொண்டுவருவார், இரண்டு பேர் கைபிடித்து ஏற்றுவார்கள். என் அம்மாவை 71 வயதில் அப்படித்தான் ஏற்றினேன். ஒரு கிளிமீன் பவளத்தைக் கடித்துக் கொறிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்த பிறகும் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

மாசாய் மாரா பற்றி: நைரோபியிலிருந்து சாலை வழியாகப் போக வர இரண்டு நாள் உட்கார்ந்தே கழியும். யானை பார்க்க வேண்டும் என்றால் வட்டாமுவிலிருந்தே சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவுக்குப் போகலாம். செம்மண்ணைப் பூசிக்கொண்டு செங்கல் நிறத்தில் நிற்கும் யானைகள் அங்கேதான். நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு 2017-ல் தொடங்கிய புது ரயிலில் வந்தால், தண்டவாளமே சாவோ காட்டுக்குள் போகிறது. மகளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். மொம்பாசா ஸ்டேஷனிலிருந்து வட்டாமுவுக்குக் காரில் இரண்டரை, மூன்று மணி நேரம். மாமியாருக்கு அலைச்சல் கூடாது என்றால் நைரோபியிலிருந்து மாலிந்திக்குச் சிறு விமானம் உண்டு. அங்கிருந்து அரைமணி நேரத்தில் ஊர்.

இன்னொன்று, இது அவசரம். கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அதில் ஒன்று. 60 வயதைத் தாண்டியவர்கள் முதல்முறையாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்வதில் ஆபத்து சற்று அதிகம். அதனால் மாமியாரை இந்த வாரமே டாக்டரிடம் காட்டி, போடலாமா என்று கேளுங்கள். பயணத்தையே அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மலேரியா மாத்திரை பற்றியும் அதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

“வட்டாமுவில் படகிலிருந்து ரொட்டி போட்டு மீன்களை வரவழைப்பதை வீடியோவில் பார்த்தேன். நாமும் போடலாமா? சிப்பி, பவளத்துண்டு எடுத்து வரலாமா?” – ஒரு வாசகர், மதுரை

தயவுசெய்து இரண்டும் வேண்டாம்.

ரொட்டி போட்டால் வருவது பெரும்பாலும் ஒரே வகைதான்: கருப்புப் பட்டை போட்ட முரட்டு மீன் கூட்டம். அது மொய்த்துக்கொண்டு மற்றவற்றை விரட்டிவிடும். பவளத்தின் மேல் படரும் பாசியை மேய வேண்டிய மீன்கள் அந்த வேலையை விட்டுவிட்டுப் படகின் சத்தத்துக்கு ஓடிவரப் பழகினால் பாசி பவளத்தை மூடிவிடும். ரொட்டி இல்லாமலே, ஐந்து நிமிடம் கை கால் அசைக்காமல் மிதந்து பாருங்கள். முதலில் வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஜோடி ஜோடியாக வரும். அப்புறம் காதில் கறுக் கறுக் என்று ஒரு சத்தம் கேட்கும். கிளிமீன் பாறையைக் கொறிக்கிற சத்தம் அது. தண்ணீருக்குள் அது அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

இந்தப் பூங்காவை 1968-ல் அறிவித்தார்கள். பக்கத்து மாலிந்தி கடல் பூங்காவும் அதே ஆண்டுதான். ஆப்பிரிக்காவின் முதல் கடல் பூங்காக்களில் இவை இரண்டும் சேரும். பரப்பு சுமார் 10 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஒரு தூண்டில்கூடப் போடக்கூடாது. வெளியே உள்ள காப்புப் பகுதியில் பாரம்பரிய மீன்பிடிப்புக்கு மட்டும் அனுமதி. அதாவது அந்த ஊர் மீனவர்கள் தங்கள் வாசலிலேயே இருக்கிற மீனை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நாம் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போக வருகிறவர்கள். அவர்கள் தொடாததை நாம் தொடலாமா?

1998-ல் கடல் அளவுக்கு மீறிச் சூடாகி, கென்யக் கரை நெடுக ஏராளமான பவளம் வெளுத்துச் செத்தது. நான் போனபோது செத்த பவளத்தின் மேலே உள்ளங்கை அகலத்தில் புதுப் பவளம் முளைத்திருந்தது. அந்த அளவுக்கு வளரவே பல வருஷம் பிடிக்கும். ஒரு தடவை முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, பதறி, பாறை மேல் காலை ஊன்றி நின்றுவிட்டேன். படகிலிருந்து “உசிகுசே!” என்று ஒரு கத்தல். தொடாதே என்று அர்த்தம். உறையவைக்கிற குரல். அதே சமயம் கடல் முள்ளெலியின் முள் நான்கைந்து என் பாதத்தில் ஏறியிருந்தது. கரைக்கு வந்ததும் பச்சைப் பப்பாளியைக் கீறி அதன் பாலைத் தடவினார்கள். அந்தக் கரையில் அதுதான் வைத்தியம். வலி இரண்டு நாளில் போனது. நான் மிதித்து ஒடித்த பவளக் கிளையை அடுத்த முறை போனபோது தேடிப் பார்த்தேன், அதே நிலையில்தான் இருந்தது.

சிப்பியும் பவளமும் பூங்காவிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். கரையில் யாராவது விற்றாலும் வாங்காதீர்கள். விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதோடு, நாம் வாங்க வாங்க அவர்கள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். காலிச் சிப்பியும் காலி இல்லை. சங்கு நண்டு குடியேறக் காத்திருக்கும் வீடு அது.

ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், ஊரிலேயே லோக்கல் ஓஷன் கன்சர்வேஷன் என்ற அமைப்பின் ஆமை மருத்துவமனை இருக்கிறது. அமைப்பு 1997-ல் தொடங்கியது. மீனவர் வலையில் ஆமை சிக்கினால் இவர்களைக் கூப்பிடுவார். இவர்கள் போய், வலை அறுந்ததற்கும் வேலை கெட்டதற்கும் ஒரு சிறு தொகை கொடுத்து ஆமையை வாங்கிச் சோதித்து, நல்லபடியாக இருந்தால் பூங்காவுக்குள் விடுவார்கள். காயம் பட்டிருந்தால் தொட்டியில் வைத்துத் தேற்றுவார்கள். பார்க்கப் போகலாம். பிளாஸ்டிக்கைத் தின்று வயிறு ஊதி, முங்க முடியாமல் மிதந்துகொண்டிருந்த ஒரு பச்சை ஆமையை அங்கே பார்த்தேன். அன்றிலிருந்து என் வீட்டில் பிளாஸ்டிக் பை கிடையாது.

“பை என்றதும் நினைவு வருகிறது. கென்யாவில் பிளாஸ்டிக் பைக்கு அபராதம் என்கிறார்களே? விசா, பணம் எப்படி?” – கல்லூரி மாணவர், கோவை

உண்மைதான். பிளாஸ்டிக் கைப்பைகளை 2017 ஆகஸ்டிலிருந்து தடை செய்திருக்கிறார்கள். 2020 ஜூனிலிருந்து தேசியப் பூங்காக்கள், கடற்கரைகள், காடுகளுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் எதுவும் கூடாது. முறுக்கு, பொடி எல்லாம் எவர்சில்வர் டப்பாவிலோ துணிப்பையிலோ கட்டுங்கள். தண்ணீருக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில்.

2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி. கிளம்பும் முன்பே இணையத்தில் வாங்கிவிட வேண்டும். பூங்காக் கட்டணத்தையும் இணையவழியாகத்தான் கட்டுவது. படகுக் கூலி வேறு, பூங்காக் கட்டணம் வேறு. பேரம் பேசும்போதே எது எதில் அடக்கம் என்று கேட்டுவிடுங்கள். மற்றபடி ஊரில் எல்லாம் எம்-பெசா, அதாவது போன் வழியாகப் பணம் கொடுப்பது. நான் போய் இறங்கிய 2007-ல்தான் அது வந்தது. அப்போதே இளநீர்க்காரர் போனில் பணம் வாங்க ஆரம்பித்துவிட்டார்.

“நாங்கள் சுத்த சைவம். மீன் ஊரில் என்ன சாப்பிடுவது?” – ஒரு வாசகி, சேலம்

கவலையே வேண்டாம். சுவாஹிலிக் கரையில் எல்லாமே தேங்காய்ப்பால்தான். காலையில் மஹம்ரி: ஏலக்காய் போட்டுப் பொரித்த, லேசாக இனிக்கும் உப்பலான பூரி மாதிரி. அதற்குத் தொட்டுக்கொள்ள ம்பாஸி, அதாவது முழுத் துவரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது. நாம் பருப்பாக உடைத்தே பார்த்த துவரை அங்கே முழுசாக, குழம்பாக வரும். முதல் வாய் வைத்தபோது யாரோ நம் வீட்டுச் சாமானை வைத்து வேறு வீட்டுப் பக்குவத்தில் சமைத்த மாதிரி இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது. மத்தியானம் வாலி வா நாஸி என்ற தேங்காய்ச் சோறும் மஹராக்வே என்ற ராஜ்மாக் குழம்பும். சப்பாத்தி எங்கும் உண்டு. மாலையில் ரோட்டோரம் மரவள்ளி வறுவல், எலுமிச்சையும் மிளகாயும் தூவி. இளநீருக்கு மடாஃபு என்று கேளுங்கள். “ந்யாமா ஹப்பானா, சமாகி ஹப்பானா” என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்பது புரிந்துவிடும்.

இத்தாலியர்கள் நிறையக் குடியேறிய ஊர் என்பதால் நல்ல பீட்சாவும் ஐஸ்கிரீமும்கூடக் கிடைக்கும். ஆனால் அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டாமே.

“கடலைப் பார்த்து அலுத்துவிட்டால் அங்கே வேறென்ன இருக்கிறது? சாயங்காலம் எங்கே போகலாம்?” – ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

ஐயா, உங்களுக்கு கெடி. வட்டாமுவிலிருந்து டுக்டுக் என்கிற ஆட்டோவில் போய்விடலாம். பவளக்கல்லால் கட்டிய ஒரு சுவாஹிலி நகரம், காட்டுக்குள் இடிந்து கிடக்கிறது. பெரிய மசூதி, அரண்மனை, கிணறுகள், வீடுகள். 15-ஆம் நூற்றாண்டில் செழித்திருந்து, 17-ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. 1948 முதல் தொல்லியலாளர் ஜேம்ஸ் கிர்க்மன் தோண்டியபோது சீனப் பீங்கான், வெனிஸ் பாசிமணி, இந்தியாவிலிருந்து வந்த இரும்பு விளக்கு எல்லாம் கிடைத்தன. 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சுவர்கள் மேல் ஆலமரத்து உறவுக்கார மரங்கள் வேர்விட்டு இறங்கியிருக்கும். காலை எட்டு மணிக்குப் போனால் குரங்குகளும் நீங்களும்தான்.

அந்த விளக்கு எப்படி வந்தது? டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்கிலிருந்து கஸ்காஸி என்ற காற்று அடிக்கும். அதைப் பிடித்து அரேபியா, இந்தியாவிலிருந்து பாய்க்கப்பல்கள் போயின. ஏப்ரலுக்குப் பிறகு குசி என்ற தென்கிழக்குக் காற்று; அதில் திரும்பி வந்தார்கள். இன்றும் பயணிகளுக்கு அதே காற்றுதான் கணக்கு. கஸ்காஸியில் தண்ணீர் தெளிவு. குசியில் கடல் கொந்தளித்துக் கரையில் பாசி குவியும், மே மாதம் மழையில் பல விடுதிகள் மூடியே கிடக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை திமிங்கிலம் பார்க்க மட்டும் குசிக் காலத்தில் போகலாம்.

சாயங்காலத்துக்கு மீடா கழி. அலையாத்திக் காட்டுக்குள் கயிற்றில் கட்டிய மரப்பலகைப் பாலம், நடந்தால் ஆடும். அதன் முடிவில் பறவை பார்க்க ஒரு குடிசை. பாலத்துக்கு நீங்கள் கொடுக்கும் கட்டணம் அந்தப் பக்கத்துக் கிராமப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளிச் செலவுக்குப் போகிறது. அதனால் நான் ஒவ்வொரு முறையும் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போவேன். இங்கேயும் காலண்டர் வேண்டும். வற்றத்தில் பறவைகள் வெகுதூரம் சேற்றில் சிதறி மேயும். தண்ணீர் ஏற ஏற அவை குடிசையை நோக்கி ஒதுங்கி வரும். நம் குளிர்காலத்தில் போனால் கருப்பும் வெள்ளையுமாக, கனத்த அலகோடு நண்டு உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும். ஏற்றமும் சாயங்காலமும் ஒன்றாக வருகிற நாளைப் பாருங்கள். பௌர்ணமிக்கு அடுத்த இரண்டு நாட்கள் பெரும்பாலும் சரியாக வரும்.

வட்டாமுவில் சூரியன் கடலில் உதித்து இந்தக் கழியின் பக்கம்தான் மறையும். ஆறரை மணியைத் தாண்டினால் சட்டென்று இருட்டிவிடும். ஐந்து மணிக்கே போய் இடம் பிடியுங்கள் ஐயா, கொசுவுக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு.